அம்மா அவனுக்குக் கொடுத்த சாயங்காலங்கள்

அவனைப் பற்றிப் பேச்சு வந்தால் இன்றும் நான் எழுந்து போய்விடுவேன். அவன் நல்லவனா கெட்டவனா என்பதெல்லாம் எனக்கு விஷயமே இல்லை. என் அம்மாவின் முழு வருஷம் ஒன்றை அவன் எடுத்துக்கொண்டான். அதுவும் நான் பன்னிரண்டாவது படித்த வருஷம்.

அம்மா அம்பாசமுத்திரத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் டீச்சர். நானும் அங்கேதான் படித்தேன். அப்பாவுக்குக் கோயம்புத்தூரில் வேலை, மாதம் ஒரு முறை வருவார். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். ஆனாலும் அம்மா எனக்குக் கிடைப்பது அபூர்வம். பள்ளிக்கூடத்தில் அவளை நானும் 'டீச்சர்' என்றுதான் கூப்பிட வேண்டும். வீட்டுக்கு வந்தால் விடைத்தாள் கட்டைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். ஒன்பதாவது படிக்கும்போது வகுப்பில் நாலைந்து பெண்கள் எனக்கு ஒரு பட்டப்பெயர் வைத்து, நான் உள்ளே வரும்போதெல்லாம் அதை ராகம் போட்டுப் பாடினார்கள். ஒரு நாள் தாங்க முடியாமல் அம்மாவிடம் போய் அழுதேன். அவள் தாளிலிருந்து நிமிராமலே, "கண்டுக்காதட்டி. அவளுவளே விட்டுருவாளுவ" என்றாள். அவர்கள் விடவில்லை. நானும் மறுபடி போய்ச் சொல்லவில்லை.

அவன் எனக்குப் பக்கத்து வகுப்பு. மலையடிவாரத்து ஊர் ஒன்றிலிருந்து பஸ்ஸில் வருவான். அப்பா இறந்துபோய், அவனும் அவன் அம்மாவும் சித்தப்பா வீட்டில் இருந்தார்கள். அதிகம் பேச மாட்டான். எங்கள் பக்கத்தில் பையன்கள் மணிக்கட்டில் கட்டுகிற கயிற்றின் நிறத்தைப் பார்த்தே என்ன சாதி ஆள் என்று சொல்லிவிடலாம். இவன் ஏதோ கோயில் கொடை விழாவில் வாங்கிய கயிற்றைக் கட்டிக்கொண்டு வந்தான். அது தங்கள் நிறம் என்று மூன்று பையன்கள் பள்ளி விட்டதும் மதில் பக்கம் அவனை மறித்தார்கள். கயிற்றைப் பல்லால் கடித்து அவிழ்க்க வைத்தார்கள். அதை வைத்தே ஒருத்தன் செருப்பைத் துடைக்க வைத்தார்கள். அவன் அழுதுகொண்டே துடைப்பதை வீடியோ எடுத்தார்கள். மறுநாளைக்குள் எல்லார் போனிலும் அது இருந்தது. நானும் பார்த்தேன். பார்க்காதவர்கள் டீச்சர்கள் மட்டும்தான்.

பிறகு அவன் யாருடனும் பேசுவதை முழுசாக விட்டுவிட்டான். வெளிநாட்டில் எங்கேயோ பள்ளிக்கூடத்துக்குள் புகுந்து சுட்ட பையன்களின் படங்களை இன்ஸ்டாகிராமில் போட ஆரம்பித்தான். கீழே யாராவது சிரிக்கிற பொம்மை போடுவார்கள், அவ்வளவுதான். ஒரு சனிக்கிழமை காலையில், நெல் மூட்டைகளின் மேல் ஒரு துப்பாக்கி கிடக்கிற படத்தைப் போட்டிருந்தான். "திங்கக்கிழமை ப்ரேயர்ல எல்லாரும் என்னையப் பாப்பீங்க" என்று எழுதியிருந்தான்.

நான் அதை அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பயந்துதான் காட்டினேன் என்றாலும், அதற்குள் ஒரு ஆசையும் இருந்தது. இதைக் கண்டுபிடித்தது நான், அம்மா என்னைக் கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் போனைப் பிடுங்கிப் படித்தாள். வாளியை அப்படியே விட்டுவிட்டு ஹெட்மாஸ்டருக்குப் போன் போட்டாள். அவர் போலீஸிடம் சொல்வதாகச் சொன்னார். "சொல்லுங்க சார். நான் முன்னாடி போறேன்" என்றவள் ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள். அந்த ஊர் எனக்கு ஓரளவு தெரியும் என்பதால் பின்னால் ஏறச் சொன்னாள்.

அவர்கள் வீட்டு வாசலில் சித்தப்பா மண்வெட்டிக்குக் காம்பு மாட்டிக்கொண்டிருந்தார். அம்மா உட்காரக்கூட இல்லை.

"அண்ணாச்சி, ஒங்க வீட்ல துப்பாக்கி இருக்கா?"

"இருக்கு. லைசென்ஸோடதான் வச்சிருக்கேன். பன்னி வந்து வயல மேயுது, வெரட்ட வேண்டாமா? ஏன் கேக்கிய டீச்சர்?"

"இப்ப எங்கன இருக்குன்னு பாத்துட்டு வாங்க."

அவர் சிரித்துக்கொண்டேதான் உள்ளே போனார். வெளியே வரும்போது முகம் வெளுத்திருந்தது. மச்சில் இருக்க வேண்டிய துப்பாக்கி அவன் கட்டிலுக்கடியில் சாக்குக்குள் இருந்ததாம். தோட்டாப் பெட்டி அவன் புத்தகப் பைக்குள். அவர் மறுபடி உள்ளே திரும்பி அவனை அடிக்கப் பாய்ந்தார். அம்மா வாசலை மறித்து நின்றாள்.

"அடிக்கதுக்கு இது நேரம் இல்ல. அதை எடுத்துட்டு ஸ்டேஷனுக்குப் போங்க. தேர்தல் சமயத்துல கொண்டு ஒப்படைக்கீங்கள்ல, அது மாதிரி ஒப்படைங்க. இவன் படிச்சு முடிக்க வரைக்கும் திரும்ப வாங்கவே கூடாது."

"அப்ப பன்னி?"

"பன்னி மேஞ்சா மேயட்டும் அண்ணாச்சி."

அவர் போன பிறகு அம்மா உள்ளே போனாள். நான் நடையில் நின்றேன். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான். அவன் அம்மா அடுப்படியில் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அம்மா அவனுக்குப் பக்கத்தில் அதே தரையில் உட்கார்ந்தாள். திட்டவில்லை. "அந்த வீடியோவ எனக்குக் காமில" என்றாள். அவன் சுவரைப் பார்த்தபடியே போனை எடுத்துக் கொடுத்தான். அவள் கடைசிவரை பார்த்தாள். பிறகு சொன்னாள்: "அந்த மதிலுக்கு அந்தப் பக்கம்தான் ஸ்டாஃப் ரூம். நான் உள்ள இருந்திருக்கேன்ல. எனக்குக் கேக்கல."

அப்போதுதான் அவன் அழுதான். சத்தம் போட்டு அழுதான். அம்மா அவன் முதுகில் கை வைத்தாள். நடையில் நின்ற நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

போலீஸ் வந்தார்கள், பேசினார்கள், போனார்கள். திங்கட்கிழமை ப்ரேயர் வழக்கம்போல நடந்தது. அந்த மைதானத்தில் நின்றிருந்த பாதிப் பேருக்கு என்ன நடக்க இருந்தது என்றே தெரியாது. எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்தேன். ஆனால் அம்மாவுக்கு அன்றுதான் ஆரம்பித்தது.

முதலில் டீச்சர்களோடு சண்டை. அவனுக்கு டி.சி. கொடுத்து அனுப்பிவிட வேண்டும் என்று பெரும்பாலானவர்கள் சொன்னார்கள். "நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீங்க பொறுப்பேத்துக்கிடுவீங்களா டீச்சர்?" என்று ஒருவர் கேட்டாராம். "இங்கன இருந்தா நாம தினம் அவன் முகத்தப் பாக்கலாம். வெளிய அனுப்பிட்டா யாரு பாப்பா?" என்று அம்மா கேட்டிருக்கிறாள். அந்த மூன்று பையன்களையும் அனுப்பக்கூடாது என்றும் அவளே வாதாடினாள். அவர்கள் வீடுகளில் ஏறி இறங்கினாள். ஒரு வீட்டில் கதவைத் திறக்கவில்லை. மறுநாள் மறுபடி போனாள். அந்த வீடியோ எங்கெங்கே போனதோ அங்கெல்லாம் அழிக்க வைத்தாள். கயிறு கட்டிக்கொண்டு யாரும் வரக்கூடாது என்று வாசலில் நின்று அவளே அவிழ்த்து வாங்கினாள். சில அப்பாக்கள் வந்து கத்திவிட்டுப் போனார்கள்.

இதெல்லாம் பகலில். சாயங்காலம் ஆனால் அவனுக்குப் போன். தினமும். சமையலறையில் தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு காய் நறுக்குவாள். "என்னல பண்ணுத?" என்று ஆரம்பிக்கும். அவன் ஏதோ சொல்வான். "ம்", "பெறகு?", "அப்படியா சொன்னான்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். என்னிடம் "பெறகு?" என்று அம்மா கேட்டதே கிடையாது. நான் வேண்டுமென்றே மிக்ஸியை ஓடவிடுவேன். அவள் போனோடு கொல்லைக்குப் போய்விடுவாள்.

வாரம் ஒரு நாள் பாளையங்கோட்டையில் ஒரு மனநல டாக்டரிடம் அவனைக் கூட்டிப் போக வேண்டும். அவன் அம்மாவுக்கு அங்கே தனியாகப் போய்ப் பேசப் பயம். அதனால் என் அம்மா அரை நாள் லீவு போட்டுவிட்டு இரண்டு பேரையும் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போவாள். அந்த லீவெல்லாம் எனக்குக் காய்ச்சல் வந்தபோது எங்கே இருந்தது என்று நினைத்துக்கொள்வேன்.

மாவட்ட அளவிலான பேச்சுப்போட்டிக்கு நான் தேர்வாகியிருந்தேன். அதுவும் பாளையங்கோட்டையில்தான், அதுவும் டாக்டர் நாளில்தான் வந்தது. "போட்டி முடியதுக்குள்ள வந்துருவேன்" என்று அம்மா சொன்னாள். நான் மேடையில் பேசும்போது வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் பரிசு கிடைத்தது. அதை வாங்கிக்கொண்டு, கூட வந்த தமிழ் மிஸ்ஸோடு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். எங்கள் பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாக அவர்களைப் பார்த்தேன். கரும்புச் சாறு வண்டிப் பக்கத்தில் அம்மா நின்றிருந்தாள். அவன் அவள் கைப்பையை வைத்திருந்தான். அவன் ஏதோ சொல்ல, அம்மா சிரித்தாள். தலையைப் பின்னால் சாய்த்து, வாய்விட்டுச் சிரித்தாள். எங்கள் வீட்டில் அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை. வயிறு எரிவது என்பது வெறும் பேச்சு இல்லை. எனக்கு உண்மையிலேயே எரிந்தது. வீடு வரும்வரை எரிந்துகொண்டே இருந்தது.

அன்று சாயங்காலம் அம்மா வந்து, "என்னட்டி ஆச்சு போட்டி?" என்று கேட்டதும் வெடித்துவிட்டேன்.

"நானும் ஒரு துப்பாக்கிய எடுத்தாத்தான் என்னையப் பாப்பியா?"

அவள் அடுப்பை அணைத்தாள். ஈரக் கையோடு என் பக்கம் திரும்பினாள்.

"பாசம்னு நெனைக்கியா?" என்றாள். "பயம்ட்டி. திங்கக்கிழமை ப்ரேயர்ல நீ ரெண்டாவது வரிசையில நிப்ப. அந்தத் துப்பாக்கியப் பாத்ததுல இருந்து எனக்கு அது ஒண்ணுதான் கண்ணுக்குள்ள நிக்கு. தெனமும் சாயங்காலம் அவன் கொரல் சரியா இருக்கான்னு கேட்டாத்தான் மறுநா ஒன்னைய ஸ்கூலுக்கு அனுப்ப மனசு வருது."

அவள் சொன்னது உண்மை என்று தெரிந்தது. ஆனால் பஸ் ஸ்டாண்டில் அவள் சிரித்த சிரிப்பில் பயம் இருக்கவில்லை. ஆரம்பம் பயமாக இருந்திருக்கலாம். நடுவில் எங்கேயோ அது மாறியிருந்தது. அதை அவளும் அறிந்திருக்க மாட்டாள், அல்லது என்னிடம் ஒப்புக்கொள்ள விரும்பவில்லை. அன்று எனக்குத் தோசை வார்த்துப் போட்டுக்கொண்டே போட்டியைப் பற்றிக் கேட்டாள். நான் ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னேன். மறுநாள் மறுபடி அவனுக்குப் போன் போனது.

அவன் பரீட்சை எழுதினான். பாஸ் பண்ணினான். பாலிடெக்னிக் முடித்து ஓசூரில் ஒரு கம்பெனியில் இருக்கிறான். அந்த மூன்று பையன்களில் ஒருத்தன் அவனுக்குச் சிநேகிதன் ஆகிவிட்டதாக அம்மா சொல்வாள். மற்ற இரண்டு பேரும் ஆகவில்லை. சித்தப்பா துப்பாக்கியைத் திரும்ப வாங்கவே இல்லை, வயலைச் சுற்றிக் கம்பிவேலி போட்டுவிட்டார். நடக்காமல் போன ஒன்றைப் பற்றி எந்தப் பேப்பரிலும் வராது. அதனால் யாரும் அம்மாவைப் பாராட்டியதில்லை. என்னையும்தான்.

இப்போது பாளையங்கோட்டையில் ஒரு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். வெளிநாட்டில் எங்காவது பள்ளிக்கூடத்தில் ஒருத்தன் சுட்டுவிட்டான் என்று செய்தி வந்தால், மத்தியானச் சாப்பாட்டில் அதுதான் பேச்சு. ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். அங்கே துப்பாக்கி கடையில் கிடைக்கும், பெற்றோர் சரியில்லை, போன்தான் கெடுக்கிறது. இங்கேயும் அரிவாளோடு பையன்கள் வீடு புகுகிற செய்தி வரத்தான் செய்கிறது. எல்லாம் சரிதான். நான் வாயைத் திறப்பதில்லை. துப்பாக்கியை வீட்டிலிருந்து எடுக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அவமானப்பட்டவனின் பக்கத்தில் ஒரு ஆள் போய் உட்கார வேண்டும், ஒரு நாள் அல்ல, தினமும், என்பதும் தெரியும். அந்த ஆளின் நேரம் யாரிடமிருந்து எடுக்கப்படுகிறது என்பதை மட்டும் யாரும் பேசுவதில்லை. எங்கள் வீட்டில் அது என்னிடமிருந்து எடுக்கப்பட்டது. எடுத்தது தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. பரவாயில்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை.

போன மாதம் அம்மாவைக் கண் ஆபரேஷனுக்குக் கூட்டிப் போயிருந்தேன். கண்ணில் சொட்டு மருந்து விட்டுக் கூடத்தில் உட்கார வைத்திருந்தார்கள். கண்ணைத் திறக்கக் கூடாது, போன் பார்க்கக் கூடாது. சும்மா இருக்க முடியாமல், "ஆபீஸ்ல ஒன்னைய யாரும் எதுவும் சொல்லுதாங்களா?" என்று கேட்டாள். "இல்ல" என்றேன். அவள் கன்னத்தில் வழிந்த மருந்தைத் துடைத்துவிட்டு, "ஒருத்தரு சொல்லுதாரு" என்றேன். எங்கள் மேலாளர் எல்லார் முன்னாலும் என் ஃபைலைத் தூக்கி மேஜையில் எறிவதைச் சொல்ல ஆரம்பித்தேன். மூடிய கண்ணோடு அம்மா என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். என் மணிக்கட்டைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

"பெறகு?" என்றாள்.

நர்ஸ் வந்து கூப்பிடும்வரை சொல்லிக்கொண்டே இருந்தேன். சொல்லும்போது சுகமாகத்தான் இருந்தது. ஆனாலும் நடுநடுவே, அவனையும் இப்படித்தான் கேட்டிருப்பாள், வருஷம் முழுவதும் இப்படித்தான் கேட்டிருப்பாள் என்று தோன்றிக்கொண்டே இருந்தது.