கேள்விக்குறிகளாகிப்போன என் வலைப்பதிவு

2007 மார்ச் 18, ஞாயிற்றுக்கிழமை. காலை 5.10க்கு எழுந்தேன். 5.35க்குக் குழாயில் தண்ணீர் வந்தது. இரண்டு டிரம், நான்கு குடம் நிறைந்தன; 6.20க்கு நின்றது. மனைவி போட்டுத் தந்த சாயாவைக் குடித்தேன். ஏழு மணிக்குச் சந்தைக்குப் போய் அரைக் கிலோ மத்தி மீன் வாங்கி வந்தேன். பிறகு நாட்குறிப்பை எடுத்து, முந்தைய மூன்று நாட்களும் எழுதியதையே அன்றும் எழுதினேன்: “வலைப்பதிவு: மாற்றமில்லை.”

அந்த இரண்டு சொற்களுக்குப் பின்னால் இருந்தது என் மகளின் மழலை முழுவதும்.

அவள் பேசத் தொடங்கிய 1994 முதல் 1997 வரை, அவள் வாயில் வந்த ஒவ்வொரு புதுச் சொல்லையும் தேதி, நேரத்தோடு மூன்று நோட்டுகளில் எழுதி வைத்திருந்தேன். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம் என்று வளர்ந்த பிள்ளை. எந்தச் சொல் எந்த மொழியில் முதலில் வருகிறது என்று பார்க்கும் ஆசைதான். நகரசபை அலுவலகத்தில் எழுத்தர் வேலை. பதிவேடு போடுவது எனக்குக் கைவந்த பழக்கம்.

2005 அக்டோபரில் சுள்ளிக்கல்லில் ஒரு பிரவுசிங் சென்டரில் முதன்முதலாகத் தமிழ் தட்டினேன். ஆங்கில எழுத்துகளில் ‘அம்மா’ என்று அடித்ததும், கண்ணெதிரே அது தமிழாக மாறி நின்றது. கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். மட்டாஞ்சேரியில் பிறந்தவன் நான். பஸ் போர்டு, ரேஷன் கார்டு, கரண்ட் பில் எல்லாம் மலையாளம். எனக்குத் தெரிந்த தமிழ் அப்பா வீட்டில் சொல்லித் தந்தது. அது இப்படி வெளிச்சத்தால் எழுதப்பட்டு, உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி நிற்கும் என்று நான் நினைத்ததே இல்லை. அன்றே ஒரு வலைப்பதிவு தொடங்கினேன். அடுத்த மே மாதத்துக்குள் மூன்று நோட்டுகளையும் இருநூற்றுப் பன்னிரண்டு பதிவுகளாக ஏற்றி முடித்தேன்.

ஜூன் மழையில் கால்வாய்த் தண்ணீர் வீட்டுக்குள் ஏறியது. கட்டிலுக்கு அடியில் இருந்த டிரங்குப் பெட்டியில் நோட்டுகள் ஊறி, மை முழுவதும் கரைந்து, தாள்கள் வெளிர்நீலமாகிவிட்டன. மனைவி தலையில் கை வைத்தாள். நான் கலங்கவில்லை. “தண்ணி ஏறாத எடத்துல இருக்கு” என்று பெருமையாகச் சொன்னேன்.

அந்தச் சென்டரில் நான்காம் நம்பர் கணினியில்தான் தமிழ் எழுத்து தெரியும். மற்றவற்றில் வெறும் கட்டங்கள். நான்கு காலியாக இல்லாத நாட்களில் கட்டங்களைப் பார்த்துக்கொண்டே ஏற்றிவிட்டு, மறுநாள் நான்கில் திறந்து பார்ப்பேன். ஒரு கால், ஒரு புள்ளி குறையாமல் இருக்கும். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் எழுத்து அங்கே இருக்கிறது என்ற நம்பிக்கை அப்படி வந்தது. அந்த நம்பிக்கைதான் என்னைக் கவிழ்த்தது.

2007 மார்ச் தொடக்கத்தில் ஒரு வாசகர், தன் கணினியில் எழுத்து உடைந்து தெரிவதாகப் பின்னூட்டம் போட்டிருந்தார். நான் வலைப்பதிவின் அமைப்புகளுக்குள் போய், எழுத்துக் குறியீடு என்று இருந்த பட்டியலில் வேறொன்றைத் தேர்ந்தெடுத்தேன். சென்டர் நடத்தும் சேட்டனிடம் கேட்டேன்.

“பழைய பதிவெல்லாம் தன்னால மாறுமா சேட்டா?”

“மாறாது சாரே. ஒவ்வொண்ணும் தொறந்து ஒரு தடவ சேவ் செய்யணும். சாருக்குப் பற்றிய பணிதான்” என்று சிரித்தார். எனக்கு ஏற்ற வேலை என்ற கிண்டல்.

நான்காம் நம்பரில் ஒரு கல்லூரிப் பெண் ஏதோ விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தாள். ஆறாம் நம்பரில் உட்கார்ந்தேன். பதிவைத் திறந்ததும் கட்டங்களுக்குப் பதிலாகக் கேள்விக்குறிகள் தெரிந்தன. இந்தக் கணினியில் தமிழ் என்றைக்குத் தெரிந்தது, இன்றைக்குத் தெரிய? திறந்தேன், சேமித்தேன், தாளில் டிக் போட்டேன். நான்கு காலியாகாத மூன்று மாலைகளில் இருநூற்றுப் பன்னிரண்டு டிக்.

புதன்கிழமை நான்காம் நம்பரில் பார்த்தேன். அங்கேயும் கேள்விக்குறிகள். அமைப்பைப் பழையபடி மாற்றியும் அவை அசையவில்லை. ஒவ்வொன்றாக நானே சேமித்து உறுதி செய்திருந்தேன். எண்கள் மட்டும் தப்பியிருந்தன. என் மகள் எந்த வருடம், எந்தத் தேதி, எத்தனை மணிக்குப் பேசினாள் என்பது இருந்தது. என்ன பேசினாள் என்பது இல்லை.

ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் அவளிடம் சொன்னபோது, “சாரமில்லப்பா” என்றாள். பரவாயில்லை என்பதை அப்படித்தான் சொல்வாள். அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது. ஆனாலும் அன்று அவள் சரியாகச் சாப்பிடவில்லை என்பதைக் குறித்து வைத்தேன்.

அந்த ஞாயிறு மதியம் மச்சினன் சாப்பிட வந்தான். மனைவியின் தம்பி, காக்கநாட்டு ஐடி வளாகத்தில் எலக்ட்ரீசியன். மனைவி நடந்ததைச் சொன்னாள்.

“வலைப்பதிவுன்னா, மச்சான், உங்க பேர்ல மெயில் மெயிலா வருமே, அதுவா?”

“எனக்குத் தெரியாம யாருக்கு வருது?”

“எனக்குத்தான். ஆபீஸ்ல முகவரி தந்த நாள்ல இருந்து உங்க தொல்லை. நான் ஒண்ணுகூடத் தொறக்கல.”

சட்டென்று நினைவு வந்தது. வலைப்பதிவு தொடங்கிய அன்று, வெளியாகும் ஒவ்வொரு பதிவின் பிரதியும் எந்த முகவரிக்குப் போக வேண்டும் என்று ஒரு கட்டம் கேட்டது. படிவத்தில் எந்தக் கட்டத்தையும் வெறுமையாக விடக்கூடாது என்பது அலுவலகப் பழக்கம். நகலை எனக்கே அனுப்பிக்கொள்வதும் முறையாகப் படவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே முகவரி மச்சினனுடையது. நிரப்பிவிட்டு அடியோடு மறந்துபோனேன்.

“அழிச்சுட்டியா?” என்றேன்.

“அழிக்கணும்னா ஒவ்வொண்ணுக்கும் டிக் போடணும் மச்சான். அதுக்கு நீங்கதான் வேணும்.”

கை கழுவிய ஈரத்தோடு நானும் மச்சினனும் சுள்ளிக்கல்லுக்கு நடந்தோம், மகளும் வந்தாள். நான்காம் நம்பர் காலியாக இருந்தது. மச்சினன் தன் கடவுச்சொல்லை அடித்தான். பக்கம் பக்கமாகத் தடித்த எழுத்தில், திறக்கப்படாத கடிதங்கள், என் பெயரில். விரலால் திரையைத் தொட்டு எண்ணினேன். இருநூற்றுப் பன்னிரண்டு.

“தொறக்கட்டா, நீங்களே தொறக்கிறீங்களா?” என்றான். அவன் கேலியை விட்டிருந்தான்.

நானே ஒன்றைத் திறந்தேன். தமிழ். ஒரு கால், ஒரு புள்ளி குறையாமல். என்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டேன். நான் எழுதி அனுப்பிய ஒவ்வொரு சொல்லும், இந்த நகரத்தின் அந்தக் கோடியில், யாரும் தொடாமல் இத்தனை நாளும் காத்துக்கொண்டிருந்திருக்கிறது. அது எந்தக் கட்டடத்தில், எந்தப் பெட்டிக்குள் இருந்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

“என்னப்பா எழுதியிருக்கு?” என்றாள் மகள்.

“1994 ஆகஸ்ட் 9. காலை 7.20. மீன் கொண்டுவந்தவரை ‘மாமா சேட்டா’ என்று கூப்பிட்டாள்.”

“அய்யே. ரெண்டும் சேர்த்தா?”

“ரெண்டும் சேர்த்துத்தான்.”

“அடுத்தது வாசி” என்றாள். நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். ஆறு மணிக்குச் சேட்டன் கடையை அடைக்க வந்து நிற்கும் வரை வாசித்தேன். நாற்பத்தொன்று முடிந்திருந்தது. மச்சினன் நடுவில் போய் நான்கு சாயா வாங்கி வந்தான், சேட்டனுக்கும் ஒன்று.

மறுநாள் திங்கட்கிழமை, 5.10க்கு எழுந்தேன். புது நோட்டில், தண்ணீரில் கரையாத பந்துமுனைப் பேனாவால், முந்தைய நாள் சென்டரில் தாளில் குறித்துக்கொண்டு வந்த முதல் பதிவைத் தமிழில் எழுதினேன். அதற்கு நேர் எதிர்ப் பக்கத்தில், மகள் வாசிக்கும்படி, அதையே மலையாள எழுத்தில் எழுதினேன். பிறகுதான் குழாயடிக்குப் போனேன். தண்ணீர் வந்து பத்து நிமிடமாகியிருந்தது.