செவலைப் பசுவைப் பற்றி ஓர் இங்கிலீஷ் கடிதம்

நாற்பதுகளின் நடுவில், யுத்தம் இன்னும் முடியாத சமயத்தில் நடந்தது இது. ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்தில், முந்திரிக் காட்டை ஒட்டின ஒரு சின்ன ஊரில் நான் வாழ்க்கைப்பட்டிருந்தேன். வீட்டுக்காரருக்குப் பட்டாளத்தில் குமாஸ்தா வேலை. லீவில் வந்து தாலி கட்டியவர், லீவு முடிந்ததும் தன் அப்பா அம்மாவான மாமா, அத்தையிடம் என்னை விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார். வழியனுப்ப அரியலூர் ஸ்டேஷன் வரை போனேன். ரயில் வருவதற்குள் அவர் சொன்ன முக்கியமான சேதி ஒன்றுதான்: "தமிழ்ல எழுதினா சென்சார்ல மாட்டிக்கிட்டுக் கெடக்குது. நீ இங்கிலீஷ்லயே எழுது. தப்பா இருந்தாலும் பரவால்ல."

நான் அரியலூரில் சித்தப்பா வீட்டில் தங்கி மூணாம் பாரம், அதாவது இப்போதைய எட்டாம் வகுப்பு வரை படித்தவள். இங்கிலீஷ் வாசிப்பேன், எழுதத் தடுமாறுவேன். அவர் கடிதம் எழுதப் பழகும் புத்தகம் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். முதல் பாதி முழுக்க அதிகாரிகளுக்கு எழுதும் மனுக்கள். பின்பாதியில் மாமாவுக்கும் சிநேகிதிக்கும் எழுதும் கடிதங்கள். எது யாருக்கு என்று சரியாகப் பார்க்காமல், முதல் பாதியிலிருந்தே ஒன்றைப் பார்த்து எழுதிவிட்டேன். கட்டின புருஷனுக்கு 'மதிப்பிற்குரிய ஐயா' என்று தொடங்கி, 'தங்கள் கீழ்ப்படிதலுள்ள ஊழியை' என்று முடித்து அனுப்பியிருக்கிறேன்! பதில் வந்தது. நான் தாசில்தார் இல்லை, வீட்டில் என்ன நடக்கிறது என்று எழுது, மாடு என்ன செய்கிறது என்று எழுது என்று கேலி செய்திருந்தார்.

அப்புறம் நான் மாட்டைப் பற்றித்தான் எழுதினேன். எங்கள் செவலைப் பசு கன்று போட்டது, அந்தக் கன்று அத்தையின் முந்தானையைத் தின்றது, பனியில் முந்திரிப்பூ கருகினது எல்லாம் எழுதினேன். வார்த்தை தெரியாத இடத்தில் சுற்றி வளைத்து எழுதுவேன். ஒரு தடவை அவர் காய்ச்சலில் மிலிட்டரி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, கன்றுக்குட்டிக் கதையைக் கேட்டு அங்கிருந்த நர்ஸ் ஒருத்தி விழுந்து விழுந்து சிரித்ததாக எழுதியிருந்தார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

கார்த்திகையோடு அவர் கடிதம் நின்றுபோனது.

முதலில் தபால் தாமதம் என்று நினைத்தேன். பிறகு அடுப்பில் உலை வைத்துவிட்டு வாசலுக்கு ஓடுவதும், தபால்காரர் தலை தெரிகிறதா என்று பார்ப்பதும், சோறு அடிப்பிடிப்பதுமாகப் பொழுது போனது. அத்தை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

மாமா பேரில் நான் பட்டாளத்து ஆபீசுக்கு மனு எழுதினேன். புத்தகத்தில் உள்ளபடி, ஒரு எழுத்து பிசகாமல் எழுதி, மாமாவிடம் கையெழுத்து வாங்கி அனுப்பினேன். அச்சடித்த தாளில் பதில் வந்தது. தகவல் ஏதும் இல்லை, விசாரணையில் உள்ளது. மறுபடி எழுதினேன். மறுபடி அதே தாள் வந்தது.

தை மாதம் ஆண்டிமடம் பக்கத்து சிப்பாய் ஒருவர் லீவில் வந்தார். என் வீட்டுக்காரரோடு ஒரே முகாமில் இருந்தவராம். மாமாவிடம் தலை குனிந்தபடி சொன்னார்: "குண்டு போட்டாங்க மாமா. அவரு இருந்த லாரி தீப்புடிச்சிருச்சு. அதிலேருந்து யாரும் எறங்கி நான் பாக்கல."

அன்றிலிருந்து வீட்டுக்கு உறவுக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். அத்தையின் அக்காதான் முதலில் வாயைத் திறந்தார். போன உசுருக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் இருப்பது பாவம், பங்குனி முடிவதற்குள் காரியத்தை முடித்துவிடலாம் என்றார். காரியம் என்றால் என் தாலியும் பொட்டும் அதோடு போகும். என் அப்பா என்னை அழைத்துப்போக மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"இன்னும் ஒரே ஒரு கடுதாசி எழுதிடறேன் மாமா. பதில் வரட்டும். அதுக்கப்புறம் நீங்க என்ன சொன்னாலும் கேக்கறேன்" என்றேன்.

அத்தையின் அக்கா, யாருக்குடி எழுதப் போகிறாய், எமனுக்கா என்று கேட்டார். அத்தை அப்போதுதான் முதல்முறையாகக் குரல் கொடுத்தார். "எழுதட்டும் வுடு அக்கா. என் வூட்டுல நடக்கறதை நான் பாத்துக்கறேன்."

அப்பா வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

யாருக்கு எழுதுவது என்று எனக்கே தெரியவில்லை. ஆபீசுகள் கைவிரித்துவிட்டன. கன்றுக்குட்டிக்குச் சிரித்த அந்த நர்ஸ்தான் நினைவுக்கு வந்தாள். அவள் பேர் தெரியாது, ஆஸ்பத்திரி இருக்கும் ஊரும் தெரியாது. பட்டாளத்துத் தபாலில் ஊர்ப்பேரே இருக்காது, ஒரு நம்பர்தான் இருக்கும். ஆஸ்பத்திரியிலிருந்து அவர் எழுதின கடிதத்தில் இருந்த நம்பரைப் போட்டு, காய்ச்சல் வார்டு சிஸ்டர் என்று எழுதினேன். புத்தகத்தைத் திறக்கவில்லை. அவருக்கு எழுதுவது போலவே எழுதினேன். அவர் பேரைப் போட்டு அடையாளம் சொன்னேன்: உயரமானவர், இடது காதில் இரண்டு துளை இருக்கும், கால் மூடியிருந்தால்தான் தூக்கம் வரும், பிடிக்காததைச் சாப்பிடும்போது ஒரு புருவம் மட்டும் மேலே ஏறும். செவலை நன்றாக இருக்கிறது, கன்று இப்போது முட்டப் பழகியிருக்கிறது. அத்தை தினமும் ஒரு கை அரிசி கூடப் போட்டுத்தான் உலை வைக்கிறார். இப்படியே போனது கடிதம். கடைசியில் எப்படி முடிப்பது என்று திகைத்தேன். அந்நியருக்கு ஒரு மாதிரி, உறவுக்கு ஒரு மாதிரி என்று புத்தகம் சொல்லும். இவள் எனக்கு யார்? 'காத்திருக்கும்' என்று மட்டும் எழுதி என் பெயரைப் போட்டேன்.

விலாசம் சரிதானா என்று பார்க்கச் சொல்லி போஸ்ட்மாஸ்டரிடம் கொடுத்தேன். அவர் கடிதத்தையே வாசித்துவிட்டார். "ஏம்மா, மிலிட்டரிக்கு எழுதற கடுதாசியா இது? மாடு, கன்னுன்னு எழுதியிருக்கே. கெவர்மெண்டுக்குன்னு ஒரு முறை இருக்கு. கிழிச்சுப் போட்டுட்டு வேற எழுதிக் கொண்டா."

முறைப்படி எழுதினதற்கு இரண்டு தாள் வந்திருக்கிறது சார், இது இப்படியே போகட்டும் என்றேன். என் குரல் அவ்வளவு உரக்க வரும் என்று எனக்கே தெரியாது. அவர் முத்திரை குத்தினார்.

அதற்கப்புறம் இருந்த இருப்பை எப்படிச் சொல்வது? உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும், எழுந்தால் எங்கே போவதென்று தெரியாது. தபால்காரர் வரும்வரை பொறுக்க முடியாமல் நானே ஜெயங்கொண்டம் தபாலாபீசுக்கு நடந்துவிடுவேன். வழியில், பெட்ரோல் கிடைக்காத அந்த நாளில் கரியில் ஓடின பஸ் புகை கக்கிக்கொண்டு கடந்துபோனால், அதில்தான் என் கடிதம் இருக்கிறதோ என்று பின்னாலேயே வேகமாக நடப்பேன். பங்குனி பிறந்தது. அத்தையின் அக்கா, காரியத்துக்கு வேண்டிய புடவைக்குச் சொல்லியாகிவிட்டது என்றார்.

ஒருநாள் தபாலாபீஸ் படியேறும் முன்பே போஸ்ட்மாஸ்டர் எழுந்து வெளியே வந்தார். கையில் ஒரு உறை. அங்கே பிரிக்க எனக்குத் தைரியம் இல்லை. வீடு வரை மடியில் கட்டிக்கொண்டு ஓடிவந்து, மாமா எதிரில் நின்று பிரித்தேன்.

கடிதம் எழுதியவள் ஒரு வெள்ளைக்கார நர்ஸ். நீங்கள் தேடிய சிஸ்டர் நான் இல்லை, அவர் ஊருக்குப் போய்விட்டார், உங்கள் கடிதம் கை மாறி எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தது என்று தொடங்கியிருந்தாள். நீங்கள் எழுதிய பேரில் இங்கே யாரும் இல்லை, ஆனாலும் இந்தக் கடிதத்தைத் தூக்கிப்போட மனசு வரவில்லை, கட்டில் கட்டிலாகப் போய் உரக்க வாசித்தேன் என்று இருந்தது. தாடை உடைந்து, இரண்டு கையும் வெந்துபோய், வெகுநாள் சுரத்தில் கிடந்த ஒருவர் அங்கே இருந்தார். தீயில் எப்படியோ அடையாளச் சீட்டு மாறி, வேறொருவர் பேரில் சேர்த்திருக்கிறார்கள். அந்தப் பேர் சொல்லிக் கூப்பிடும்போதெல்லாம் அவர் இல்லையென்று தலையை ஆட்டுவாராம், வலி என்று நினைத்து ஊசி போடுவார்களாம். கன்று முட்டப் பழகியிருக்கிறது என்ற இடம் வந்ததும், கட்டுப்போட்ட கையால் கட்டிலை அடித்தாராம். இது உன் மனைவியா என்று கேட்டேன், ஆமாம் என்று தலையசைத்தார். உன் பசுவா என்று கேட்டேன், அதற்கும் அசைத்தார் என்று எழுதியிருந்தாள்.

"சொல்லு ஆயி, என்னா போட்டிருக்கு?" மாமா என் தோளைப் பிடித்து உலுக்கினார். எனக்கு இங்கிலீஷும் வரவில்லை, தமிழும் வரவில்லை. "இருக்காரு" என்று மட்டும் சொன்னேன். அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்து, குழந்தை மாதிரி வாய்விட்டு அழுதார்.

யுத்தம் முடிந்து அவர் வந்தார். தாடை கோணியிருந்தது, பேச்சு குழறும். விரல்கள் முழுதாக மடங்காது. ஆனாலும் இரண்டு பிள்ளைகளை வளர்த்து, பேரனையும் பார்த்துவிட்டுத்தான் கண் மூடினார்.

அந்தக் கடிதத்தில் ஒரு வரி மட்டும் என்னை இன்றுவரை நிம்மதியாக இருக்கவிடவில்லை. என் வீட்டுக்காரருக்குத் தவறாக வைத்திருந்த பேருக்கு உரியவரின் வீட்டுக்கு, தங்கள் ஆள் உயிரோடு இருப்பதாகத் தகவல் போயிருந்ததாம். எங்கள் வீட்டில் அத்தை சந்தோஷத்தில் அழுத அதே நாட்களில், எந்த ஊரிலோ ஒரு வீட்டுக்கு, அது அவர் இல்லை என்று மறுதகவல் போயிருக்கும். அந்த வீடு எது என்று நர்ஸுக்கு எழுதிக் கேட்டேன். சொல்ல அனுமதியில்லை என்று பதில் போட்டாள். அப்புறம் அவளும் எங்கோ மாற்றலாகிப் போனாள், தொடர்பு விட்டுப்போனது.

பிற்பாடு நல்ல இங்கிலீஷ் படித்தபோதுதான் ஒன்று புரிந்தது. அவள் கடிதத்தில் கடினமான ஒரு வார்த்தைகூட இல்லை, எல்லாம் குட்டிக் குட்டி வாக்கியங்கள். நான் தடுமாறி எழுதுகிறவள் என்று தெரிந்துகொண்டு, எனக்கு எட்டும்படி எழுதியிருக்கிறாள். ஒரு வார்டு நிறையக் காயம்பட்டவர்கள் கிடக்க, அதற்கும் அவளுக்கு நேரம் இருந்திருக்கிறது. தெரியாத பாஷையில் தட்டுத்தடுமாறி யாராவது என்னிடம் எதையாவது கேட்டால், இன்றைக்கும் என்னையறியாமல் என் பேச்சு நிதானமாகிவிடுகிறது. கேட்கிறவருக்கு அந்தப் பதில் எத்தனை அவசரமோ, யார் கண்டது?