ஷிஃப்டு ஏறின தேதி

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் இளவழகனைத் தப்பாத கை என்பார்கள். சூளைக்குள் சூடு எவ்வளவு என்று மணிக்கொரு தரம் பார்த்து ரிஜிஸ்தரில் எழுதுவது அவர் வேலை. இருபத்திரண்டு வருஷமாக நைட் ஷிஃப்டுதான். ராத்திரி ஒன்பதுக்கு ஏறினால் காலை ஒன்பதுக்கு மேல்தான் இறக்கம். இறங்குமுன் கடைசிக் கட்டத்தில் அன்றைய காலை டாலர் ரேட்டையும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். சூளையில் சுடும் பொம்மைகளுக்குப் பூசும் சாயம் வெளிநாட்டுச் சரக்கு. ரேட் தெரியாமல் முதலாளி குருமூர்த்தி ஆர்டர் எடுக்க மாட்டார்.

டாலரைக் கையால் தொட்டுக்கூடப் பார்க்காத மனிதர் வருஷக்கணக்காக அதன் விலையை எழுதிக்கொண்டிருந்தால் ஆசை வராமல் இருக்குமா? இளவழகனுக்கும் வந்தது. காலையில் இருந்ததைவிடச் சாயங்காலம் டாலர் இறங்கியிருந்தால் வாங்கு. ஏறியிருந்தால் விற்று வை. மறுநாள் சாயங்காலம் கணக்கை முடி. இவ்வளவுதான் அவர் கண்டுபிடித்த சூத்திரம். பழைய ரேட்டுகளை வைத்துச் சோதித்துப் பார்க்காமல் பணத்தை இறக்காதே என்று யூடியூபில் சொன்னார்கள். சரியான பேச்சுதான். சாயங்கால ரேட்டுகளை நெட்டிலிருந்து இறக்கிக்கொண்டார். காலை ரேட்டுக்கு மட்டும் நெட்டை நம்பவில்லை. தன் கையால் எழுதிய ரிஜிஸ்தர் இருக்கும்போது எவனோ போட்டதை ஏன் நம்ப வேண்டும்?

பி.சி.ஏ. கடைசி வருஷம் படிக்கும் மகள் காவியா எக்செல்லில் எல்லாவற்றையும் அமைத்துக் கொடுத்தாள். தேதியையும் சாயங்கால ரேட்டையும் போட்டால் போதும். அந்தத் தேதிக்கான காலை ரேட்டை ரிஜிஸ்தர் பக்கத்தில் அதுவே தேடி எடுத்து, வாங்கு என்றோ விற்று வை என்றோ சொல்லும். ஆறு வருஷத்து ரேட்டுகளை அவர் பகல் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு ஏற்றினார்.

வந்த கணக்கை அவர் இரண்டு தடவை சரிபார்த்தார். பத்துக்கு எட்டு ஜெயம். டாலர் தாறுமாறாகத் துள்ளிய நாட்களை எல்லாம் எடுத்துப் பார்த்தார். அநேகமாக ஒவ்வொன்றுக்கும் முந்தின நாளே சூத்திரம் சரியான பக்கத்தில் போய் நின்றிருந்தது. பின்னால் வருவது தெரிந்தவர் யாரோ உள்ளே இருந்துகொண்டு நடத்துவதுபோல் இருந்தது.

பிறகுதான் அந்த நாளைப் பார்த்தார். ஆறு வருஷத்தில் ஒரே ஒரு நாள் சூத்திரம் வாங்கவும் இல்லை, விற்கவும் இல்லை. கட்டத்தில் சிவப்பாக ஒரு சொல்: ஒதுங்கு. தேதி, 2022 ஆகஸ்டு 17.

அவர் மனைவி ஜெயஸ்ரீ இறந்தது ஆகஸ்டு 18. சுரங்கத்துக்கு நிலம் அளக்க வருகிறார்கள் என்று கம்மாபுரத்துத் தாய்வீட்டுக்குப் போயிருந்தவள், விடிந்ததும் மொபெட்டில் திரும்பி வரும்போது லாரி அடித்துவிட்டது. சூளைப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தவருக்குக் காலை எட்டு மணிக்குப் போன் வந்தது.

முந்தின நாளே ஒதுங்கு என்று சொல்லியிருக்கிறது! அந்த மத்தியான வெயிலில், தெருவில் ஒரு நாய்கூட நடமாடாத நேரத்தில், அவருக்குப் புறங்கழுத்து சில்லிட்டது. யாருக்குத் தெரிந்திருக்கும்? அவளுக்குத்தான் என்று முடிவு செய்துவிட்டார். சிரிக்காதீர்கள். மூன்று வருஷம் பேச ஆளில்லாமல் பகலில் தூங்கி ராத்திரியில் நெருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, பேய் என்றாலும் பெண்டாட்டி பெண்டாட்டிதான்.

அன்றிலிருந்து லேப்டாப்புக்குப் பக்கத்தில் இரண்டு தம்ளர் டீ வைக்க ஆரம்பித்தார். கல்லூரியிலிருந்து வரும் காவியா, ஒன்று காலியாகவும் ஒன்று ஆடை படிந்து ஆறிப்போயும் இருப்பதைப் பார்ப்பாள். ஒரு நாள் கதவுக்கு வெளியே நின்று காதுகொடுத்துக் கேட்டாள். அப்பா உள்ளே மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"அவ்ளோத்தையும் போட்டுடலாமா ஜெயா? நீ சொன்னா சரிதான்."

அவ்வளவு என்பது பதினோரு லட்சம். ஜெயஸ்ரீயின் பங்கு நிலத்துக்கு வந்த இழப்பீடு. காவியா பெயரில் பேங்கில் இருந்தது. புதுச்சேரியில் அவளுக்கு எம்.சி.ஏ. சீட்டு கிடைத்திருந்தது, திங்கட்கிழமை பணம் கட்ட வேண்டும். அப்பா கேட்டால் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டுவிடுவாள். அது அவருக்கும் தெரியும்.

வியாழக்கிழமை சாயங்காலம் நாலரை மணி. ஆறு வருஷத்துப் பழைய நாட்களை விட்டு முதல்முறையாக நடப்பு நாளைக் கேட்டார். அன்றைய தேதியைப் போட்டார், ரேட்டைப் போட்டார்.

சிவப்பாக வந்தது. ஒதுங்கு.

இளவழகன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். வாசலில் காவியா ஸ்கூட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஓடிப்போய்ச் சாவியைப் பிடுங்கினார்.

"நாளைக்கு நீ எங்கியும் போவக்கூடாது. வூட்டை விட்டு எறங்கக்கூடாது!"

"காலைல கம்மாபுரம் போயி மாமாகிட்ட சர்டிபிகேட் வாங்கணும்பா. திங்கக்கெழம காலேஜில கேப்பாங்க."

"கம்மாபுரமா?" அவர் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "ஒங்கம்மா சொல்லிட்டா. அன்னைக்கும் இப்படித்தான் மொத நாளே சொன்னா. அப்ப எனக்குத் தெரியல."

காவியா அவரைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து உட்கார வைத்தாள். அவளுக்கும் பயந்தான். சிவப்புச் சொல்லைப் பார்த்தாள். மேலே போய்ப் பழைய தேதியின் சிவப்பையும் பார்த்தாள். ஆனால் அதை அமைத்தவள் அவள். ரேட் இல்லாமல் கட்டம் காலியாக இருந்தால் மட்டும் ஒதுங்கு என்று காட்டும்படி அவள்தான் போட்டிருந்தாள்.

"இன்னைக்குக் காலை ரேட்டு எங்கப்பா?"

"எழுதிட்டுத்தான் வந்தேன். இதோ போட்டோவே இருக்குது. காலைலயே ஏத்திட்டேன்."

போனை வாங்கிப் பார்த்தாள். "இதுல நேத்து தேதி இருக்குதே?"

"நைட் ஷிஃப்டுன்னா ஏறின தேதிதான் போடணும். விடிஞ்சாலும் தேதி மாறாது. இன்னைக்குத் தேதி ராத்திரி ஏறுனாத்தான் வரும். அதுக்கு ரேட்டு நாளைக்குக் காலைல..."

தான் சொன்னது தன் காதிலேயே விழுந்தது.

ஆறு வருஷமும் அப்படித்தான். ஒவ்வொரு நாள் காலை ரேட்டும் முந்தின நாள் தேதியில் உட்கார்ந்திருந்தது. மறுநாள் விலையை முன்கூட்டியே கையில் வைத்துக்கொண்டு வியாபாரம் செய்தால் பச்சைக் குழந்தைகூட ஜெயிக்கும். உள்ளே யாரும் இருக்கவில்லை.

"அப்ப அந்தப் பதினேழாம் தேதி?" என்று காவியா கேட்டாள்.

"போன் வந்ததும் ஓடிட்டேன் பாப்பா. ஒம்போது மணிக்கு ரேட்டு எழுத நான் அங்க இல்ல. அடுத்த பதினாறு நாளும் எனக்குப் பதிலா ஷிஃப்டு பாத்த பாவாடை அண்ணன் எழுதுனாரு. அந்த ஒண்ணுதான் விட்டுப்போச்சு."

சொல்லிவிட்டு அழுதார். ஜெயஸ்ரீ செத்தபோது ஊர் கூடி நின்றதால் அடக்கிக்கொண்ட அழுகை. மூன்று வாரமாகப் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தவள் இப்போது இரண்டாம் தடவையாகப் போய்விட்டாள்.

காவியா அவரைத் தேற்றத் தெரியாமல், தெரிந்த வேலையைச் செய்தாள். ரிஜிஸ்தர் ரேட்டுகளை எல்லாம் ஒரு நாள் தள்ளி, எழுதிய காலையின் தேதிக்கே கொண்டுவந்தாள். ஏறிக்கொண்டே போன லாபக்கோடு தடுமாறி விழுந்து நஷ்டத்தில் நின்றது. காலிக் கட்டமும் ஒரு நாள் இறங்கி, ஆகஸ்டு 18க்கு வந்து சேர்ந்தது. விட்டுப்போனதைச் சரிசெய்யலாம் என்று அன்றைய காலை ரேட்டை நெட்டில் தேடி அதில் போட்டாள்.

சிவப்பு மறைந்தது. சூத்திரம் அன்றைக்கும் டாலர் வாங்கியது. லாபம் முந்நூற்று நாற்பது ரூபாய்.

ஜெயஸ்ரீ செத்த நாளும் மற்ற நாட்களைப்போல ஒரு நாளாகிவிட்டது. பேய் இருக்கிறது என்று நினைத்தபோதுகூட இளவழகனுக்கு இவ்வளவு பயமாக இருந்ததில்லை.

"அழிச்சிடு பாப்பா."

"மொத்தத்தையுமா?"

"இல்ல. இந்த ரேட்டை மட்டும். அது காலியாவே இருக்கட்டும்."

அவள் அழித்தாள். அவர் ஸ்கூட்டிச் சாவியை எடுத்து அவள் கையில் கொடுத்தார். மெதுவாகப் போ என்று மட்டும் சொன்னார்.