சின்னமலைக் குகையும் திங்கட்கிழமைத் தொட்டியும்

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை, சின்னமலைக் குகை வாசலில் என் தங்கை கணவர் அருள் ஒரு கூட்டத்தையே தடுத்து நிறுத்திவிட்டார்.

அவர் கோயில் ஊழியர் அல்லர். காவலரும் அல்லர். எங்களோடு வேனில் வந்து இறங்கிய ஒரு பயணி, அவ்வளவுதான். ஆனாலும் இரு கைகளையும் அகல விரித்து, "உள்ள போனவங்க வெளிய வரட்டும். அப்பறம் நீங்க போலாம்" என்று வாசலை மறித்து நின்றார்.

வரிசையில் நின்றவர்கள் சண்டைக்கு வந்திருப்பார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. பணிந்தார்கள்! ஒரு பெரியவர், "மெழுகுவத்தி எங்கப்பா குடுக்குறீங்க?" என்று அவரிடமே கேட்டார். ஒரு பெண்மணி தம் செருப்புகளை அவர் காலடியில் விட்டு, "பாத்துக்கோ தம்பி" என்று சொல்லிவிட்டு வரிசைக்குத் திரும்பினார்.

சிரிப்பாகத்தான் இருக்கிறது. வரும் வழியில் வேனுக்குள் நடந்தது எனக்குத் தெரியாமல் இருந்திருந்தால், நானும் சிரித்திருப்பேன்.

இருங்காட்டுக்கோட்டைப் பக்கத்துப் பங்குக் கோயிலில் ஏற்பாடு செய்த ஒருநாள் பயணம் அது. புனித தோமையார் வாழ்ந்ததாகவும் மறைந்ததாகவும் மரபு சொல்லும் மூன்று இடங்கள் – சின்னமலை, பரங்கிமலை, சாந்தோம். வழிகாட்டியாக வந்தவர் ஜெனிட்டா. வரலாறு படித்த இளம்பெண். இடுப்பில் சிறிய ஸ்பீக்கர், காதோரம் மைக். "வரலாறு கேக்குறவங்க என் வலது பக்கம் வாங்க. வேண்டுதல் இருக்கிறவங்க இடது பக்கம். ரெண்டும் வேணும்னா நடுவுல நில்லுங்க" என்று தொடங்கியபோதே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

அருளுக்கு அபூர்வமாகக் கிடைத்த விடுமுறை. தங்கை ஸ்டெல்லா பிடிவாதமாக அவரை அழைத்து வந்திருந்தாள். பூந்தமல்லியைத் தாண்டியதும் அவருடைய போன் அடித்தது. அழைத்தவர், தொழிற்சாலைக்கு ஆள் அனுப்பும் அவருடைய கான்ட்ராக்டர். வேன் இரைச்சலையும் மீறி எங்கள் வரிசை முழுவதற்கும் கேட்கும் குரல் அவருக்கு.

"அருளு, நாளைக்குக் காலைல ஷட்டவுன், மெஷினு எல்லாம் நிக்கும். சம்ப் கிளீனிங். நீதான் எறங்குற."

"மீட்டர் வந்துடுச்சாண்ணே?"

"சர்வீஸுக்குப் போனது இன்னும் வரலப்பா. சின்ன வேலைதானே? துணியக் கட்டிக்கினு எறங்கிட்டு வா. போன தபா எறங்கினியே, இன்னா ஆச்சு? குத்துக்கல்லாட்டம் கீறல்ல?"

அருள் போனைச் சட்டைப்பையில் வைத்தார். ஸ்டெல்லா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சம்ப் என்பது தொழிற்சாலையின் கழிவுநீர் வந்து சேரும் ஆழ்தொட்டி. அடியில் சகதி படியும். ஆள் இறங்கித்தான் அள்ள வேண்டும். இறங்குவதற்கு முன் ஒரு மீட்டரைக் கயிற்றில் கட்டி உள்ளே விட்டு, காற்றில் விஷவாயு உண்டா என்று பார்க்க வேண்டும். மேலே ஓர் ஆள் நின்று, இறங்கியவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். எந்தக் காரணத்துக்காகவும் அவர் அங்கிருந்து நகரக் கூடாது. பதில் வராவிட்டால் அவர் உள்ளே குதிக்கவும் கூடாது. வேறு எவரையும் குதிக்க விடவும் கூடாது. மூச்சுக்கருவியோடு வரும் ஆட்களை அழைக்க வேண்டும்.

நல்ல விதிகள். சுவரில் பெரிய எழுத்தில் தொங்கவும் செய்கின்றன. என்ன பயன்?

அந்த வாயுவைப் பற்றி அருள் ஒருமுறை சொன்னது என்னை இன்றும் தூங்கவிடாது. முதலில் அழுகிய முட்டை போல் நாறுமாம். சற்று நேரத்தில் மூக்கு மரத்துவிடும். அப்பாடா, நாற்றம் போய்விட்டது என்று மனிதன் நிம்மதியடைகிறானே... அந்த நிம்மதிதான் கடைசி. அருளோடு வேறோர் இடத்தில் வேலை பார்த்த ஒருவர் அப்படித்தான் போனார். அவரைத் தூக்கப் பாய்ந்து இறங்கியவரும் திரும்பவில்லை.

இதையெல்லாம் மனத்தில் சுமந்துகொண்டுதான் நான் அந்தக் குகைக்குள் நுழைந்தேன்.

குனிந்துதான் போக முடிந்தது. தலைக்கு மேல் கறுத்த பாறை. முன்னால் ஒருவர் முதுகு, பின்னால் ஸ்டெல்லாவின் மூச்சு. மெழுகின் வெப்பம், வியர்வை, ஊதுவத்திப் புகை. ஜெனிட்டா தாழ்ந்த குரலில் சொன்னார்: "எதிரிங்க தொரத்தினப்ப தோமையார் இங்க வந்து ஒளிஞ்சார்னு மரபு சொல்லுது. கல்வெட்டு ஏதும் சொல்லல. அதோ, அந்தப் பிளவு வழியாத்தான் தப்பிச்சுப் போனாராம். பக்கத்துல ஒரு கைத்தடம் தெரியுது பாருங்க..."

பார்த்தேன். ஒரு மனிதன் உடலை ஒடுக்கிக்கொண்டு வெளியேறக்கூடிய இடைவெளி. அதன் வழியே வந்த வெளிச்சத்தைப் பார்த்தபோது, அந்தத் தொட்டியில் இப்படி இன்னொரு வழி கிடையாதே என்றுதான் தோன்றியது.

வெளியிலிருந்து அருளின் குரல் வந்தது, இருக்கிறாயா என்று. "மச்சான்... கீறியா?"

"கீறேன் மாப்ள."

குகைக்குள் சிரிப்பொலி. "வெளிய ஒரு அப்போஸ்தலர் டியூட்டி பாக்குறார் போல" என்றார் ஜெனிட்டா.

சிறிது நேரத்தில் மறுபடியும், "மச்சான்... கீறியா?"

எனக்குப் பதில் வரவில்லை. வேண்டுமென்று அல்ல. நாளைக்கு இதே கேள்வியை அருளைப் பார்த்து யார் கேட்பார்கள் என்று யோசித்தபடி அந்தப் பிளவையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். மூன்றாவது முறை வந்தது கேள்வி அல்ல, கூச்சல். "யாரும் உள்ள போவாதீங்க! ஒருத்தரும் போவக் கூடாது!"

தட்டுத்தடுமாறி வெளியே வந்தேன். அருள் என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"கூப்டா பதில் சொல்ல மாட்டியா? வாயில இன்னா கொழுக்கட்டையா வெச்சிகினு கீற?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நாங்கள் இருவரும் சிரிக்கவில்லை. பழக்கம் அவரைப் புனிதத் தலத்திலும் விடவில்லை என்று சொல்லிக் கடந்துவிடலாம்தான். எனக்கென்னவோ, மறுநாள் தமக்குக் கிடைக்கப்போகாத ஒன்றை அன்று எங்களுக்குக் கொடுத்தார் என்று தோன்றியது.

பரங்கிமலை உச்சியில் மரநிழலில் உட்கார்ந்தபோதுதான் ஸ்டெல்லா வாய் திறந்தாள்.

"நாளைக்குப் போவாத. ஜுரம்னு சொல்லிடு."

"நான் போவலன்னா தொட்டி சும்மா கெடக்குமா? வடக்கேருந்து புதுசா ஒருத்தர் வந்துகீறாரு. ஒடிசாவோ இன்னாவோ. எறங்குன்னா எறங்கிடுவாரு. மீட்டர்னு ஒண்ணு கீதுன்றதே அவருக்குத் தெரியாது."

"அதுக்கு? நீ செத்துப் போவியா?"

மலைக்குக் கீழே விமான நிலையம். தலைக்கு மேல் ஒரு விமானம் காதைக் கிழித்துக்கொண்டு இறங்கியது.

நான் சமூகப்பணி படித்தவன். தண்டலத்தில் ஒரு பயிற்சி நிலையத்தில் தொழிலாளர் உரிமை பற்றி வகுப்பெடுக்கிறேன். ஆகவே, "கம்பெனியோட பாதுகாப்பு அதிகாரிக்கு நான் போன் பண்றேன்" என்றேன்.

"பண்ணு. மீட்டர் இல்லன்னு வெளிய யாருக்குத் தெரியும்? எனக்கும் கான்ட்ராக்டருக்கும். போட்டுக் குடுத்தது யாருன்னு கண்டுபிடிக்க சிஐடியா வரணும்?"

நியாயம்தானே? போன் செய்தால் அவருடைய வேலை போகலாம். செய்யாவிட்டால் உயிர் போகலாம். அவர் விலகிக்கொண்டால் இன்னொருவர் உயிர் போகலாம். வகுப்பில் இப்படியொரு சிக்கலைக் கரும்பலகையில் எழுதி, குழுவாக விவாதிக்கச் சொல்வேன். அங்கே, என் தங்கை அழாமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தபோது, நான் போனை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் பைக்குள் வைத்தேன்.

அதற்குள் ஜெனிட்டா எல்லோரையும் கற்சிலுவை அருகே கூட்டிவிட்டார். உயிர்த்தெழுந்தவரின் காயத்தைத் தொட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்று தோமையார் அடம்பிடித்த கதையைச் சொன்னார்.

"பாவம், அவருக்கு விசுவாசம் கொஞ்சம் கம்மி" என்று பின்னாலிருந்து ஓர் அம்மா பெருமூச்சு விட்டார்.

"கம்மில்லாம் இல்லம்மா. செக் பண்ணாரு" என்றார் அருள்.

"சார், இவரு சேஃப்டி டிபார்ட்மென்ட்டுக்கு ஆள் புடிக்கிறாரு" என்று ஜெனிட்டா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

யோசித்துப் பார்த்தேன். சந்தேகப்படுவதைக் குறையாகவே பார்த்துப் பழகிவிட்டோம். ஆனால் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம்வரை, எங்கள் தொழிற்சாலைப் பகுதியில் மிக அதிகமாக ஓதப்படும் மந்திரம் எது தெரியுமா? 'ஒண்ணும் ஆவாது... எறங்கு.' சொல்பவர் ஒருபோதும் இறங்குவதில்லை. மீட்டர் கேட்பவன் கோழை. கேட்காமல் இறங்குபவன் நல்ல வேலைக்காரன். தொட்டுப் பார்க்காமல் நம்பச் சொல்லும் மதம் ஒன்று உண்டென்றால், அதன் கோயில்களுக்குப் புகைப்போக்கி இருக்கிறது!

சாந்தோமில் கல்லறைக்குப் படியிறங்கிப் போக வேண்டும். அருள் கடைசிப் படியில் நின்றுகொண்டு ஜெனிட்டாவிடம் கேட்டார். "மேடம்... அவரு பயந்தாரா?"

ஜெனிட்டா மைக்கை அணைத்துவிட்டார். "குகைல ஒளிஞ்சார்னு சொல்றாங்களே. பயப்படாமயாங்க ஒளிஞ்சிருப்பாரு?"

அருள் தலையாட்டினார். திரும்பும் வழியில் வேனில் நன்றாகத் தூங்கினார். ஸ்டெல்லாவும் நானும்தான் விழித்திருந்தோம்.

திங்கட்கிழமை காலை, குன்றத்தூரிலிருந்து கிளம்பி அவருடைய தொழிற்சாலை வாசலுக்கே போய்விட்டேன். "நீ இன்னாத்துக்கு மச்சான்? நான் இன்னா எல்கேஜியா?" என்றவர், சாப்பாட்டுப் பையோடு உள்ளே போனார். போனை வாசலில் ஒப்படைத்துவிட வேண்டும் என்பது அங்கே விதி. கேட்டுக்குள் போனபின் அவர் இருக்கிறாரா என்று கேட்க எனக்கு வழியே இல்லை.

எதிரே டீக்கடையில் உட்கார்ந்தேன். பாதுகாப்பு அதிகாரியின் எண்ணைத் தேடி எடுத்துவைத்திருந்தேன். எண்களை அழுத்துவேன், நிறுத்துவேன். ஒருமுறை ஆம்புலன்ஸ் ஒன்று அலறிக்கொண்டு வந்தது. கடைக்காரர் டீ ஆற்றுவதை நிறுத்தவில்லை. அது எங்களைக் கடந்து ஒரகடம் பக்கம் போனது. வேறு யாருக்கோ. அதற்காக நிம்மதியடைந்தேன் – அந்த நிம்மதியையும் என்னவென்று சொல்வது?

வெயில் உச்சிக்கு வந்தபின் அருள் வெளியே வந்தார். உடையில் சகதி இல்லை. அதைத்தான் முதலில் பார்த்தேன்.

உள்ளே நடந்தது இதுதான். அருள் போய்த் தொட்டியின் இரும்பு மூடிமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"எந்திரிடா. இன்னா, தர்ணாவா பண்ற?"

"தர்ணா இல்லண்ணே. மீட்டர் வரட்டும். அதுவரைக்கும் குந்திக்கினு கீறேன்."

"நீ இல்லன்னா ஊர்ல வேற ஆளே இல்லியா?" என்று கான்ட்ராக்டர் அந்த ஒடிசாக்காரரைக் கூப்பிட்டார். அவர் ஒன்றும் புரியாமல் வந்து நின்றார். அருள் அவருடைய கையைப் பிடித்து இழுத்து, மூடிமேல் தம் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். இப்போது மூடியைத் திறக்க இரண்டு பேரைத் தூக்க வேண்டும்!

சத்தம் கேட்டு கம்பெனி இன்ஜினியர் வந்தார். நிலைமை புரிந்ததும் பக்கத்து யூனிட்டிலிருந்து ஒரு மீட்டரை வரவழைத்தார். மூடியைத் திறந்து, கயிற்றில் கட்டி இறக்கினார்கள். பாதி ஆழம்கூடப் போகவில்லை – அது வீறிட்டு அலறத் தொடங்கியது. மேலே இழுத்தபிறகும் சற்று நேரம் அலறியதாம். ஒருவரும் மற்றவர் முகத்தைப் பார்க்கவில்லையாம். கான்ட்ராக்டர்தான் முதலில் குனிந்து, தாமே மூடியைத் தள்ளி மூடினாராம்.

இதைச் சொல்லிவிட்டு அருள் டீ கேட்டார்.

மறுநாள் முதல் கான்ட்ராக்டர் அவரை வேலைக்குக் கூப்பிடவில்லை. போன் செய்தாலும் எடுப்பதில்லை. இதை எழுதும் இந்த நேரம்வரை அதே நிலைதான். வேறு இடத்தில் சேர்க்கவிடாமல் செய்துவிடுவாரோ என்று எல்லோருக்கும் கலக்கம். நேற்று ஸ்டெல்லாவிடம், "பயமா இருக்காம்மா?" என்று கேட்டேன்.

"இருக்குண்ணா. ஆனா இது, ஆளு வூட்ல குந்திக்கினு கீறப்ப வர்ற பயம்."