யார் பார்த்தது என்று கேட்டவர்

எங்கள் அக்கா இல்லாத முதல் வருஷம் இன்றோடு முடிகிறது. அக்காவைப் பற்றி நினைவு மலரில் யார் எழுதுவது என்ற பேச்சு வந்தபோது, வீட்டில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். போனில் ஒரே ஒரு வரி எழுதி ஊரைக் கலக்கியவன் என்ற தகுதியில்தான். அந்தக் கதையையும் மறைக்காமல் எழுதுவதாகச் சொல்லி ஒப்புக்கொண்டேன்.

அக்கா பள்ளிப்பட்டில், தறி ஓடும் வீட்டில் மூத்த பெண்ணாகப் பிறந்தார். அம்மா சீக்கிரமே போய்விட்டதால் என்னை வளர்த்ததும் அக்காதான். அதில் அவருக்குக் கிடைத்த பலன் சுமார்தான். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் வரலாறு படிக்கப்போவதாகச் சொன்னார். நைனா தறியை நிறுத்திவிட்டார்.

"செத்துப்போன ராஜாங்க கதைய படிச்சி இன்னா பண்ணப் போற? எந்த ராஜா வந்து வேலை குடுப்பான்?"

"ராஜா கதை இல்ல நைனா. அந்தக் கதைய யாரு எழுதினாங்க, எதுக்கு எழுதினாங்கன்னு கேக்கற படிப்பு."

"கேள்வி கேக்கறதுக்கு மூணு வருஷமா? உங்கம்மா படிக்காமலே கேட்டுக்கினு இருந்தாளே."

ஒருவழியாக நைனா இறங்கி வந்தார். விடிகாலையில் தறி ஓட்டிவிட்டுக் கல்லூரிக்கு பஸ் ஏறினார் அக்கா. பிறகு அஞ்சல் வழியில் எம்.ஏ.யும் முடித்து, திருத்தணியில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை ஆனார். நான் இன்ஜினியரிங் படித்தேன். அதாவது காலேஜுக்குப் போய் வந்தேன். இப்போது அதே திருத்தணியில் பஸ் ஸ்டாண்டு எதிரே செல்போன் கடை வைத்திருக்கிறேன். அந்த லட்சணத்தில், "டீச்சர், ராஜா நட்ட மரத்துல இலை எத்தினி?" என்று அக்காவைச் சீண்டாத நாள் கிடையாது.

பிள்ளை பிடிக்கிறவர்கள் சுற்றுகிறார்கள் என்று போனுக்குப் போன் செய்தி பறந்த சமயம் அது. குழந்தைக்கு மொட்டையடித்து, அடையாளத்தை மாற்றிக் கடத்துகிறார்கள் என்று எனக்கும் ஒன்று வந்தது. எனக்குச் சிரிப்பு. திருத்தணியில் மலையிறங்கி வரும் குழந்தைகளில் பாதி மொட்டைதானே? "நம்ம பஸ் ஸ்டாண்டுலயே ஒருத்தன் சுத்துறான், உஷார்" என்று ஒரு வரி சேர்த்து, கடைக்காரர்கள் குரூப்பில் போட்டேன். பக்கத்து டீக்கடைக்காரரைப் பயமுறுத்தத்தான். வேறு நோக்கம் இல்லை, மூளையும் இல்லை.

அன்று மாலை பள்ளி விட்டு, வழக்கம்போல அக்கா என் கடைக்கு வந்துகொண்டிருந்தார். பஸ் ஸ்டாண்டு வாசலில் கூட்டம். நடுவில் ஓர் இளைஞன், சட்டை கிழிந்து, இடுப்பில் மொட்டைத் தலைக் குழந்தையோடு நின்றான். குழந்தை அவனிடமிருந்து திமிறித் திமிறி அழுதது. தன் அக்கா பிள்ளை என்று அவன் தெலுங்கில் திரும்பத் திரும்பச் சொன்னான். எங்களில் யாருக்குத் தெலுங்கு புரியாது? புரிந்தது. நம்பத்தான் யாருக்கும் மனமில்லை. ஜூஸ் கடைக்காரர் முழுக் கரும்பு ஒன்றை ஓங்கிவிட்டார்.

அக்கா உள்ளே புகுந்து அந்த இளைஞனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"டீச்சர், நீங்க ஒதுங்குங்க" என்றார் ஜூஸ் கடைக்காரர்.

"ஒதுங்கறேன். இவன் புள்ளைய திருடினத யாரு பாத்தது?"

"எல்லாருக்கும் தெரியும் டீச்சர்."

"எல்லாரும் வேணாம்ணே. பாத்தவங்க ஒருத்தர் போதும்."

"போன்ல வந்துச்சி" என்றார் ஜூஸ் கடைக்காரர். யார் அனுப்பியது என்று அக்கா கேட்டார். அவர் ஆட்டோக்காரரைக் காட்டினார். ஆட்டோக்காரர் டீக்கடைக்காரரைக் காட்டினார். டீக்கடைக்காரர் மெதுவாகத் திரும்பி, கடை வாசலில் நின்ற என்னைக் காட்டினார்.

"உனக்கு யாருடா சொன்னது?"

எனக்கும் வந்ததுதான் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அது பாதி உண்மை. ஆனால் அப்படிச் சொன்னால் கரும்பு அவன் மேல் விழும். முழு உண்மையைச் சொன்னால் என் மேல். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மொட்டை சமாச்சாரம் வந்தது. பஸ் ஸ்டாண்டுன்னு போட்டது நான்தான்க்கா. தமாஷுக்கு."

நான் சொன்ன தமாஷ்களில் ஒருவர்கூடச் சிரிக்காதது அது ஒன்றுதான். கரும்பு என் பக்கம் திரும்பியது. அக்கா அந்த இளைஞனின் கையை விடாமலே நகர்ந்து, கரும்புக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றார்.

"அப்போ அந்தப் புள்ள ஏன் இவன்கிட்ட அப்பிடி அழுவுது?" என்றது ஒரு குரல்.

"காதைப் பாருங்க. குத்தின ரத்தம்கூட காயல, புதுத் தங்கத் தோடு. திருடறவன் தோட்டைக் கழட்டுவானா, மாட்டி உடுவானா? இவன் வேட்டி மடியப் பாருங்க, பொடி முடி ஒட்டிக்கினு கீது. மடியில உக்கார வெச்சி மொட்டையடிக்கறது யாரு, தாய்மாமன்தானே? அழுத்திப் பிடிச்ச மாமனைப் பாத்தா எந்தப் புள்ள சிரிக்கும்?"

கரும்பு இறங்கியது. மலையிலிருந்து மெதுவாக இறங்கி வந்த அந்தக் குழந்தையின் தாய், தம்பியின் கிழிந்த சட்டையைப் பார்த்து நடுரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். அழும் குழந்தைக்கு பிஸ்கட் வாங்கத்தான் அவன் முன்னால் ஓடி வந்திருக்கிறான். வெளியூரில் வேலை, குழந்தைக்கு மாமன் முகமே புதுசு.

வீட்டுக்குப் போன பஸ்ஸில் அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. நைனாதான் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ஆங், மூணு வருஷம் வேணுந்தான்" என்றார்.

சிறுநீரகம் பழுதாகி, சென்னைக்கும் திருத்தணிக்கும் ரயிலில் அலைந்த கடைசி மாதங்களிலும் அக்கா மாறவில்லை. நான் பேப்பர் படித்துக் காட்டினால், "இதை யாருடா பாத்தது?" என்பார்.

அந்த நாட்களில் ஒவ்வொரு முறையும் ரயிலடி வரை அக்காவைக் கொண்டுவந்து விட்ட ஆட்டோக்காரர், ரத்தம் கொடுத்த பழைய மாணவிகள், பதிமூன்றாம் நாள் காரியத்துக்கு வந்து தயங்கித் தயங்கி வாசலிலேயே நின்ற அந்தத் தாய்மாமன், அவர் கையைப் பிடித்து வந்த, முடி வளர்ந்த பையன், எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இதில் எழுதியதை அப்படியே நம்பிவிட வேண்டாம். எழுதியவன் யாரென்று உங்களுக்குத் தெரியும். டீக்கடைக்காரரைக் கேளுங்கள், ஜூஸ் கடைக்காரரைக் கேளுங்கள். அவர்கள் வேறு மாதிரி சொன்னால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அக்கா எனக்கு முன்னால் வந்து நின்றாரே, அதை மட்டும் என்னிடம் கேளுங்கள். அதைப் பார்த்தவன் நான்.