கூட வந்தவர் கையைப் பார்க்கும் டாக்டரம்மா

இதை எழுத எனக்குப் பல வருடங்கள் தைரியம் வரவில்லை. எங்கள் மலைக்கோயில் வேதகிரீஸ்வரர்மேல் பாரத்தைப் போட்டு இப்போது எழுதுகிறேன்.

லேசரில் முடி எடுத்தபின் என் மகளின் தாடை சிவந்து, பிறகு கறுத்துப்போனது. கல்யாணம் நிச்சயமான பெண். செங்கல்பட்டில் ஒரு தோல் டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனேன். குள்ளமான உருவம், சிரிக்காத முகம். நோயாளியைப் பார்க்குமுன் கூட வந்தவர் கையைப் பார்ப்பது அவர் வழக்கம்.

“லேசர் போட்டவன் பாழாக்கிட்டான்” என்றேன்.

என் விரல்களைப் பிடித்து முகர்ந்தார். “எலுமிச்சம்பழமா? செவந்த தோலு மேல இதைத் தேச்சிகினு கீறே. பொண்ணு மூஞ்சி இன்னா பித்தளைச் சொம்பா? இந்தச் சாறு மேல வெயில் பட்டா கறுத்துப்பூடும். வெயில்ல வேற கூட்டினு போனியா?”

“வேண்டுதலுக்கு மலை சுத்தினோம்.”

“உச்சி வெயில்ல வான்னு சாமி கேட்டாரா? இனிமே தேய்க்காத. சன்ஸ்கிரீன் போட்டு, வெளிய போனா மூஞ்சிய மூடு. மங்க மாசக்கணக்கு ஆவும்.”

மகள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. கறுப்பு மெல்ல மங்கியது. அந்த டாக்டரம்மாவை இன்றும் எனக்குப் பிடிக்காது. ஆனால் விளக்கேற்றும்போதெல்லாம் என் விரலை நானே முகர்ந்து பார்க்கிறேன்.

இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். தேய்த்தது பெற்ற தாய்தான் என்பதை மட்டும் மாற்றிச் சொல்லிவிடாதீர்கள்.