சாக்குக்குள் மூச்சு விட்ட சுறா

குழந்தை பிறந்து பன்னிரண்டு நாளாகியும் எனக்குப் பால் சரியாக இறங்கவில்லை. எங்கள் ஊர்ப்பக்கம் இதற்கு ஒரே மருந்து சுறாப் புட்டுதான். சுறாவை அவித்துத் தோலுரித்து, உதிர்த்து, பூண்டும் வெங்காயமும் போட்டு வதக்கிப் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுப்பார்கள்.

என் வீட்டுக்காரர் தோப்பும்படி துறைமுகத்தில் ஐஸ் ஏற்றுகிறவர். ஒரு நாள் மத்தியானம் நாங்கள் குடியிருக்கும் கொச்சங்காடி வீட்டுக்கு ஈரச் சாக்கோடு வந்தார். விடிகாலையில் வலையில் ஏறிய சுறாவாம், யாருக்கும் வேண்டாமென்று ஒதுக்கிப் போட்டிருந்தார்களாம். முழங்கை நீளம், மண் நிறம். அலசலாம் என்று வாளித் தண்ணீரில் போட்டேன். செவுள் திறந்து மூடியது.

"ஏங்க, உசுரோட இருக்கு."

"காலைல புடிச்சதும்மா. உசுரு எங்கேருந்து வரும்?"

வாளியைக் காட்டினேன். மனுஷன் விரலால் தொட்டுப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டார்.

பக்கத்து வீட்டு மலையாளச் சேச்சி அதே துறைமுகத்தில் மீன் வெட்டுகிறவர். சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார்.

"மோளே, இது புட்டுக்கு எடுக்கிற பால் சுறா அல்ல. கடலுக்கு அடியில கிடக்கிற ஜாதி. பகல் முழுக்கப் பாறை இடுக்குல சும்மா கிடக்கும், ராத்திரியில மண்ணைக் கிளறி ஞண்டும் செம்மீனும், அதான் உங்க இறாலு, தின்னும். நீந்தாம கிடந்தாலும் மூச்சு விடும். ஈரம் இருந்தா மதி, அது போதும், சீக்கிரம் சாகாது."

"அப்ப பால் சுறா வேறயா?"

"அது குட்டி போடும். இது முட்டையல்லவா போடும். ரெண்டு ரெண்டா அடியில ஒட்டி வெச்சிட்டு அது பாட்டுக்குப் போயிரும். குட்டிக்கு வேண்டிய தீனியெல்லாம் முட்டைக்குள்ளயே உண்டு. தாய் திரும்பிப் பார்க்காது."

பால் ஊற வைக்க முட்டை போடுகிற சுறாவைத் தூக்கி வந்திருக்கிறார் இவர். கேட்டால், "சுறான்னா சுறாதானே" என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது. அதற்குள் குழந்தை வீறிட்டது. அரிவாள்மணையை இழுத்துப் போட்டு வெட்டினேன்.

வயிற்றில் இரண்டு முட்டைப் பைகள் இருந்தன. உள்ளங்கையைவிடச் சின்னது, பழுப்பு நிறம். பிள்ளைக்கு வேண்டியதை முன்கூட்டியே கட்டி வைத்திருந்தது. எனக்கு அழுகை வந்தது. பாவம் பார்த்து அழுதேன் என்று சொன்னால் பொய். பொறாமை. புட்டைக் கொஞ்சமும் மிச்சம் வைக்காமல் தின்றேன்.

மூன்றாம் நாள் ரவிக்கை நனைந்தது. சுறாவினாலா, தானாகவேயா, இன்றுவரை தெரியாது. இவருக்கோ தலைகால் புரியவில்லை. மறுவாரம் இன்னொரு சாக்கோடு வந்து நின்றார். திறந்து பார்த்தேன். அதுவும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

"கடலுக்குப் போற போட்ல குடுத்து, தண்ணில விடச் சொல்லுங்க."

"பால் நின்னுட்டா?"

பயமாகத்தான் இருந்தது. நின்றுவிட்டால் குழந்தைக்கு என்ன செய்வேன் என்று எனக்கும் தெரியவில்லை.

"நின்னா பாத்துக்கலாம். எடுத்துட்டுப் போங்க."

அவர் என்னையும் மடியில் கிடந்த குழந்தையையும் பார்த்தார். வாசல் குழாயடியில் சாக்கை நன்றாக நனைத்துக்கொண்டு, வந்த வழியே தோப்பும்படிக்கு நடந்தார்.